விருந்துக்கு வந்த வெந்நீர் ஏரி

நெம்ரூத் எரிமலை வாய்க்குள் இருக்கும் வெந்நீர் ஏரி, ஒரு புதன்கிழமை பிற்பகல் அடிவாரத்துத் தாத்வான் ஊரில் பெஸ்னாவின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து கூடத்துக் கம்பளத்தில் உட்கார்ந்தது. குற்றம் பெஸ்னாவுடையதுதான். முந்தின ஞாயிறு மலைக்குப் போய், ஏரிக்கரையில் கத்தரிக்காய் சுட்டுத் தின்றுவிட்டுக் கிளம்பும்போது, வாய் சும்மா இராமல், "நீயும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாயேன்" என்று சொல்லிவிட்டாள். தாத்வானில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான், யாரும் வருவதில்லை. மலையை விட்டு இறங்கியறியாத ஏரிக்கு இது தெரியவில்லை.

வந்த விருந்தாளியைப் போகச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. பெஸ்னா தேநீர் கொடுத்தாள். போதுமென்றால் கோப்பையின் மேல் கரண்டியைக் குறுக்கே வைக்க வேண்டும். வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏரியோ கரண்டியை முதல் மடக்கிலேயே விழுங்கிவிட்டது. ஊற்ற ஊற்றக் குடித்து, வியாழன் மாலைக்குள் சன்னல்வரை பெருத்தது. இரண்டு வாத்துகள் வேறு வந்து சேர்ந்தன. கணவன் ஹாலெஃப் தூண்டிலோடு வந்து நின்றதைப் பார்த்துப் பெஸ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நம்ம பொண்ணக் கேட்டு வர்றாங்க. உங்களுக்கு மீனு கேக்குதா?"

மகள் ரோஜின், கட்டினால் அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். பையனின் தாய் முனெவ்வேரோ, திரைச்சீலை சரியில்லை என்று ஒரு பெண்ணையே வேண்டாமென்றவள்.

வெள்ளிக்கிழமை வந்த முனெவ்வேர் ஏரியை ஏற இறங்கப் பார்த்து, இது யார் என்று கேட்டாள்.

"மலைப் பக்கத்துச் சொந்தம்," என்றாள் பெஸ்னா, நாக்கூசாமல்.

முனெவ்வேர் முட்டிவலிக்காரி. ஆவி பறப்பதைக் கண்டு மெல்லக் காலை உள்ளே விட்டவள் அப்புறம் எடுக்கவே இல்லை. பெண் கேட்டது, கொடுத்தது, மோதிரம் போட்டது எல்லாம் அப்படியே நடந்தது. ரோஜின், பொறுமையைச் சோதிக்கும் வழக்கப்படி, உப்புப் போட்டுக் கொடுத்த காபியை மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடித்தான். பெஸ்னா ஆனந்தமாக அழுதாள், கொஞ்சம் கம்பளத்துக்காகவும்.

வாசலில் முனெவ்வேர் எல்லோரிடமும் சொல்வதை ஏரியிடமும் சொன்னாள். "நீங்களும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வரணும்."

பெஸ்னா கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள். ஏரி எழுந்து, வாத்துகளைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே போனது.

கல்யாணமாகி ரோஜின் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமியார் கழுத்தளவு வெந்நீரில் இருந்தபடியே, "ஓரமா வாம்மா, நடுவுல ஆழம்" என்றாள். ரோஜின் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏரிக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.