ஐஸ் இல்லாமல் வந்த ரத்தம்

ஐஸ் இல்லாமல் ரத்தம் அனுப்பினால் திட்டுவேன். இருபது வருடமாக இந்த லேபில் தையல்நாயகி என்றால் அதுதான். லாக்டேட் டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தைச் சும்மா வெளியே வைத்திருந்தால், குழாய்க்குள்ளேயே அளவு தானாக ஏறிவிடும். பொய்யான எண்ணைக் கொடுத்து டாக்டரைப் பதற வைக்க நான் எதற்கு?

அன்று காலை பத்து மணிக்கு ஐ.சி.யு. நர்ஸ் பிரதீபா குழாயை வெறுங்கையில் கொண்டுவந்து நீட்டினாள். நெடுங்காட்டு முத்தையனின் ரத்தம். அறுப்பில் அரிவாள் காலில் பட்டு, ஐந்து நாள் மஞ்சளைப் பூசிக்கொண்டு கிடந்து, காய்ச்சலோடு வந்தவர். ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. இது செப்சிஸ்தானா, கிருமியின் விஷம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதா என்று முடிவு செய்ய டாக்டர் என் எண்ணுக்காகக் காத்திருந்தார்.

இயந்திரம் ஆறு புள்ளி எட்டு என்றது. இரண்டுக்குள் இருக்க வேண்டியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வார்டு ஃபிரிட்ஜில் ஐஸ் உறையவில்லை, எடுத்த கையோடு ஓடி வந்தேன் என்று பிரதீபா கெஞ்சினாள். வழியில் யாரோடு பேசிக்கொண்டு நின்றாயோ என்றேன். ரிப்போர்ட்டை அனுப்பவில்லை.

"வேற ரத்தம் எடுத்து ஐஸ்ல வச்சுக் கொண்டா, போ."

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, மறுபடி நரம்பு தேடி, குழாய் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. இந்த முறை ஐஸில் வந்தும் ஒன்பது புள்ளி ஒன்று. அதன் பிறகுதான் மருந்து ஏறியது. அதற்குள் அழுத்தம் விழுந்துவிட்டது.

மறுநாள் மதியம் முத்தையன் இறந்தார். ஐம்பது நிமிடம் முன்னால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அவருடைய மகள் தாமரைச்செல்வி லேபுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களாம், சிஸ்டர் சொன்னாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு யாருங்க இவ்ளோ அக்கறையா பாப்பாங்க?"

பிரதீபா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மொதத் தடவையே சரியாத்தாம்மா வந்துச்சு," என்றேன். "நான்தான் நம்பல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என் கையை விட்டாள்.