அரைப் பேர்

மழை விட்டிருந்தது. வீட்டு வருமானக் கணக்கெடுப்புக்காக உக்குவளையிலிருந்து எல்கடுவ தேயிலை மலைக்கு ஏறி வந்த முத்தலிப், தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த பெண்ணிடம் கேட்டான்.

"பேரு?"

"அரைப் பேருதாங்க."

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவள் கொழுந்தன் அழகமுத்து சிரித்துவிட்டான். "தொரை ஓம் பேரக் கேக்குறாரு மதினி. நீ சம்பளத்தச் சொல்லுற! சுந்தரம்மான்னு எழுதுங்க தொரை."

தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு ஒரு பேர் என்பார்கள். பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். புருஷன் செத்த பிறகு மணிக்கட்டும் வீங்கிப்போனதில் சுந்தரம்மாவுக்கு அரைதான் விழுந்துகொண்டிருந்தது.

"எங்களோட சேத்து எழுதுங்க. ஒரே அடுப்பு. நானும் எம் பொஞ்சாதியும் முழுப் பேரு" என்றான் அழகமுத்து.

ஒரே உலையில் உண்பவர்கள் ஒரு குடும்பம்; முத்தலிப்புக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. மூவரின் வரும்படியையும் மனதுக்குள் கூட்டிப் பங்கிட்டான். மோசமில்லாத குடும்பம் ஒன்று வந்தது. அதில் சுந்தரம்மா எங்கேயும் இல்லை.

"என்னயத் தனியா எழுதுங்கய்யா" என்றாள் அவள்.

அழகமுத்து வெற்றிலையைத் துப்பினான். "நான் சோறு போடலேன்னு லயமே பேசணுமா, மதினி?"

"போடுறீங்க தம்பி. எல்லாரும் தின்னு முடிச்சப்புறம்."

தகரக் கூரை சொட்டியது. முத்தலிப் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டான்.

"அடுப்பு ஒண்டுதானே தங்கச்சி" என்றான் கடைசியில். "நான் எப்படி ரெண்டா எழுதுற?"

அவள் வெளியே போனாள். மழைநீர் ஓடும் கானோரத்திலிருந்து மூன்று கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாசலின் மறுகோடியில் வைத்தாள். ஈர விறகு புகைந்தது. ஊதி ஊதிப் பற்றவைத்து, சட்டியில் தண்ணீர் ஏற்றினாள். போடத்தான் ஒன்றுமில்லை.

"வெறுந் தண்ணியவா குடிக்கப் போற?" அழகமுத்துவின் குரல் இறங்கியிருந்தது. உள்ளே போய் ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து நீட்டினான். "இந்தா. நான் குடுத்தேன்னு வச்சுக்க."

"எங் கூப்பன் அரிசி தம்பி அது" என்று வாங்கிக்கொண்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

அரிசி கொதிக்கும்வரை முத்தலிப் காத்திருந்தான். மலையின் கணக்கில் ஓர் ஏழைக் குடும்பம் இப்போது கூடப்போகிறது. காலையிலும் அது இங்கேதான் இருந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்தான்.

"பேரு?"

"சுந்தரம்மா" என்றாள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.