மூன்றாவது டேக்

ஒன்பது வருடத்துக்கு முன் வந்த குத்துச்சண்டைப் படத்தில் அந்த நடிகர் நடிக்க மட்டும் செய்தார். இரண்டாம் பாகத்துக்கு இயக்குநரும் அவரே. வயது நாற்பத்தேழு. படப்பிடிப்புக்கு முதல் நாள், இணை இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டார். அவரை யூனிட்டே அக்கா என்றுதான் அழைக்கும்.

"அக்கா, ரிங்குக்குள்ள இருக்கும்போது என்னை நானே பாக்க முடியாது. கட் சொல்றது, போதும்னு சொல்றது எல்லாம் உங்க பொறுப்பு. என் மூஞ்சிக்காகப் பாக்காதீங்க."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

கடைசிச் சண்டையைப் பழைய கிடங்கு ஒன்றில் எடுத்தார்கள். எதிராளியாக நடித்தவர் நிஜத்தில் பதினோரு வருடம் குத்துச்சண்டை போட்டவர். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் யூனிட்டில் அவருக்கு மௌனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது டேக்கில் நடிகரின் கால் பின்னியது. விழப் போனவர் கயிற்றை இறுகப் பிடித்து, ஒரு கணம் அதிலேயே சாய்ந்து நின்றார். பிறகுதான் கையை உயர்த்தினார். அக்கா கட் சொல்லிவிட்டு, "இது போதும்" என்றார்.

"என்ன போதும்? கிழவன் மாதிரி கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். இன்னொண்ணு."

நான்கு, ஐந்து, ஆறு என்று போயிற்று. ஒவ்வொன்றிலும் அவர் வேகம் கூட்டினார். ஏழாவது டேக் முடிந்தபோது இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. தண்ணீர் பாட்டிலை வலது கையால் வாங்கியதை அக்கா கவனித்தார்.

"எட்டாவது டேக். ரெடியா?" என்று நடிகர் குரல் கொடுத்தார்.

"இல்ல. லைட்டை அணைங்கப்பா," என்றார் அக்கா.

நடிகர் கயிற்றுக்கு அருகே வந்தார். "டைரக்டர் நான்தானே அக்கா?"

"ரிங்கை விட்டு இறங்கினா நீங்கதான். இறங்குங்க, அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

நடிகரின் முகம் சிவந்தது. லைட்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நடிகர் கீழே இறங்கி, மானிட்டர் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழு டேக்குகளையும் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். எதிலும் குறை இல்லை; ஆனால் நான்கிலிருந்து ஏழு வரை ரிங்கில் நின்றது இளவயதுக்காரனாகத் தெரிய மெனக்கெட்ட ஒரு நடிகர்.

பின்னால் நின்ற மௌனம் தொண்டையைச் செருமினார்.

"சார், மூணாவதுல கயிறைப் பிடிச்சீங்களே. என் கடைசி மேட்ச்ல நானும் அப்படித்தான் பிடிச்சேன். விட்டா விழுந்துடுவோம்னு தெரியும். ஜனத்துக்கும் தெரிஞ்சிடுச்சேன்னு ஒரு வெக்கம் வரும் பாருங்க... அது உங்க மூஞ்சில இருக்கு."

அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

நடிகர் மூன்றாவதை மறுபடி போடச் சொன்னார். "வெக்கப்பட்டது நெஜந்தான்," என்றார் மெல்ல. அக்கா ஐஸ் பையைக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்தார். மறுநாள் டாக்டர் தசைநார் லேசாகக் கிழிந்திருப்பதாகச் சொல்லி, இரண்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்.

படத்தில் அந்த மூன்றாவது டேக்தான் இடம்பெற்றது. டப்பிங்கில் மட்டும் ஒரு தொல்லை. கயிற்றில் சாய்ந்து அவர் விட்ட மூச்சு சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் நின்று புஸ் புஸ்ஸென்று ஊதிப் பார்த்தார்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அக்கா. "நாலு மாடி இறங்கி ஏறி வாங்க."

"லிஃப்ட் இருக்கே."

"அது எனக்கு."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது, வாய் திறந்திருந்தது. மைக் முன்னால் நிற்க முடியாமல் சுவரில் கை ஊன்றினார். ஒலிப்பதிவாளர் அவசரமாகப் பொத்தானை அழுத்தினார்.

"ஓகே," என்றார் அக்கா.

நடிகர் மறுபேச்சுப் பேசவில்லை. பேச மூச்சும் இல்லை.