ஆறிய குடுவை

“அம்மா, வட்டமா கைகோத்து நிக்கறவங்க வரிசையாகணும்னா, யாராவது கையை விடணும்ல? யாரும்மா முதல்ல விடுவா?”

மகள் ஐந்து வயதில் கேட்டது. அம்மாவின் பிழைப்பே அந்தக் கேள்விதான். வளையமாக இருக்கும் கார்பனேட் மூலக்கூறுகளைத் திறந்து, ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்குவது அவள் வேலை. அந்தச் சங்கிலியில் தையல் நூல் செய்யலாம். காயம் ஆறியதும் உடம்புக்குள் தானே கரைந்துபோகும்.

ஆனால் மூன்று வருடமாக நூற்றுக்கு அறுபது வளையம்தான் திறந்தது. தொண்ணூறு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அவள் சூட்டைக் கூட்டிப் பார்த்தாள். அறுபது ஐம்பதாக இறங்கியது. ரசாயனத்தில் அழுக்கு என்று ரசாயனத்தைப் பழித்தாள். மாலை ஐந்தானால், குடுவை கொதிக்கும்போதே இரண்டு சொட்டு அமிலம் விட்டு, வளையங்களைத் திறக்கும் வினையூக்கியைக் கொன்று, வினையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவாள். அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. மகள் விழுந்து மோவாய் கிழிந்துவிட்டது. அமிலத்தையும் ஹீட்டரையும் மறந்து ஓடினாள்.

மறுநாள் காலை, குடுவை கழுவும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா எப்படிம்மா இருக்கு?”

“நாலு தையல்க்கா. அதுக்கப்புறமும் வாய் ஓயல.”

“அம்மா மாதிரியே. சரி, திட்டாதீங்க. நேத்து ஹீட்டரை நான்தான் அணைச்சேன். குடுவைக்கு அடியில இருந்த எண்ணெய் புகைஞ்சுது.”

“ஐயோ, ஆறிப்போச்சா?”

“கல்லா கிடக்கு. கலக்குற காந்தம்கூட உள்ள மாட்டிக்கிச்சு. எப்படிக் கழுவப்போறேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

கல்லா! இதுவரை பிசினாகத்தான் வந்திருக்கிறது. அவள் ஓடினாள். ஒரு துணுக்கைச் சுரண்டி, எத்தனை வளையம் திறந்தது என்று அளக்கும் கருவியில் வைத்தாள். எண்ணைப் பார்த்தவள் போட்ட கத்தலில் துறைத்தலைவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

“என்னம்மா, பாம்பா?”

“தொண்ணூத்திநாலு சார்!”

“கருவி கெட்டிருக்கும். மறுபடி வை.”

மறுபடியும் தொண்ணூற்றுநாலு. அப்போதுதான் அவளுக்கு மகளின் வட்டம் நினைவுக்கு வந்தது. நெருக்கிப் பிடித்த வட்டத்தில் கை வலிக்கும். விட்டு வரிசையில் நின்றால் சுகம். ஆனால் நீண்ட வரிசையில் நின்றவர் ஓடியாட முடியாது. சூடு ஏற ஏற, ஓடியாடும் ஆசையே ஜெயிக்கும். கோத்த வரிசை அவிழ்ந்து, மறுபடி சின்னச் சின்ன வட்டங்களாகிவிடும். அறுபது என்பது அந்தச் சூட்டில் வரிசையும் வட்டமும் செய்துகொண்ட சமாதானம். தினமும் அமிலம் விட்டு, அந்த இடத்திலேயே ஆணி அடித்தவள் அவள்தான்!

நேற்று அமிலம் விழவில்லை. வினையூக்கி உயிரோடு இருந்தது. குடுவை மெல்ல ஆற ஆற, மிச்ச வளையங்களும் ஒவ்வொன்றாகத் திறந்து வரிசையில் சேர்ந்துகொண்டன.

“ஆராய்ச்சியை நடத்தும்மா, நடத்து!” என்றார் துறைத்தலைவர், செருப்பைத் தேடிக்கொண்டே.

அவள் கழுவும் அறைக்குப் பறந்தாள். “அக்கா, நீங்க அணைச்சதாலதான் ஜெயிச்சுது!”

“அப்ப திட்டு கிடையாதா?” அக்கா சிரித்தாள். அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. தொட்டியோரம், பாலிமர் ஒட்டிய பதினோரு குடுவைகள் சுரண்டலுக்குக் காத்திருந்தன. மூன்று வருடத்துத் தோல்விகள் அத்தனையையும் சுரண்டிய விரல்கள் அவை.

திங்கட்கிழமை, ஒருவரும் வருவதற்கு முன்பே அவள் வந்தாள். கல்லாகிக் கிடந்த பன்னிரண்டாவதையும் சேர்த்து எல்லாக் குடுவைகளிலும் நிறையக் கரைப்பான் ஊற்றினாள். கொஞ்சம் வினையூக்கி போட்டுச் சூடேற்றினாள். சூடும் தாராளமான இடமும் கிடைத்ததும் சங்கிலிகள் கைவிட்டு வளையங்களாகக் கரைந்தன. வடித்து, அலசி, தாங்கியில் கவிழ்த்து வைத்தாள்.

மாடிப்படியில் அக்காவின் காலடி கேட்டபோது, பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவள் போயிருந்தாள். பன்னிரண்டு குடுவைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.