தொட்டால் போதும்

மீட்டர் தோற்றதற்கு அன்று சாயங்காலத்துக்குள் ஏழெட்டுக் காரணங்கள் கிளம்பிவிட்டன. மண்டைக்கனம் என்றார்கள். விலை போய்விட்டான் என்றார்கள். பழைய சிநேகிதன் என்று பாவம் பார்த்தான் என ஒருவர் கண் கலங்கவே சொன்னார். குத்துச்சண்டை மேடையில் ஒருநாளும் கால் வைக்காதவர்களுக்குத்தான் இதெல்லாம் அத்தனை துல்லியமாகத் தெரிகிறது. தோற்றவனுக்குக் காரணம் தெரியவே இரண்டு ரவுண்டு பிடித்தது.

அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன். போட்ட கோட்டைத் தாண்டி மயிரிழைகூட அவன் கை போகாது. மீட்டர் என்ற பெயர் அங்கே வந்ததுதான். அதே கை சாயங்காலம் கையுறை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. அவனுடைய வலது கைக்குத்து வருவது தெரியாது, வந்தது மட்டும் தெரியும். அதுவரை அவனோடு மோதிய பதினொரு பேரில் ஏழு பேர் மூன்றாவது ரவுண்டைப் பார்க்கவில்லை.

அவனைத் தோற்கடித்த மூட்டைக்கு டயர் கடையில் வேலை. அவனுக்குக் கால் மெதுவாக நகரும், கை அதைவிட மெதுவாக. ஆனால் அடி வாங்குவதில் மன்னன். பெயர் வந்ததும் அதனால்தான், கோச் அவனை மீட்டருக்குப் பயிற்சி ஜோடியாகப் போட்டதும் அதனால்தான். முதல் மாதமே மீட்டரின் வலது கை அவன் தாடையைப் பெயர்த்துவிட்டது. மூன்று வாரம் குழாய் போட்டு உறிஞ்சித்தான் சாப்பிட்டான்.

கோச் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். மூட்டையின் தாடைக்கு மீட்டரின் வலது கை போகலாம், ஆனால் தொட்டதும் நின்றுவிட வேண்டும். தொட்டால் போதும், அடித்ததாகக் கணக்கு. உடனே இருவரும் கையுறையை இரண்டு தரம் தட்டிக்கொள்ள வேண்டும். "சரியா?" என்று மீட்டர் கேட்பான். "சரி" என்பான் மூட்டை. இரண்டடி பின்னால் போய் மறுபடி ஆரம்பிப்பார்கள். மீறினால் ஒரு வாரம் பயிற்சிக் கூடத்தைப் பெருக்க வேண்டும். மீட்டர் இரண்டு வாரம் பெருக்கினான், அதற்கப்புறம் துடைப்பத்தைத் தொடவே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

எட்டு மாதம் முன்பு டயர் கடை ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியது. மூட்டையும் அங்கே பக்கத்திலிருந்த வேறொரு கூடத்துக்குப் போய்விட்டான். போனவன் துறைமுக அணிக்கான தேர்வில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிப் போட்டி வரை வந்து நின்றான். எதிரே மீட்டர்.

துறைமுக அணியில் இடம் என்றால் நிரந்தர வேலை, வேலையோடு இரண்டு அறை வீடு. மீட்டருக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அவன் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். கிடைக்கப்போகும் வீட்டின் ஜன்னலுக்குத் திரைத்துணியே வெட்டி வைத்திருந்தாள்.

"ஜன்னல் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க எல்லா வீட்டுக்கும் ஒரே ஜன்னல்தான். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்."

போட்டியன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் ரவுண்டில் மீட்டரின் இடது கை வழக்கம்போல் வேலை செய்தது. வழி திறந்ததும் வலது கை கிளம்பியது. தாடையில் பட்டது. மூட்டை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நேரே உள்ளே வந்து விலாவில் கனமாக இரண்டு போட்டான். மற்றவர்கள் எல்லாம் அந்த வலது கைக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டே பாதி சண்டையைத் தோற்பார்கள். மூட்டை முகத்தைத் திறந்து போட்டுவிட்டு இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தடவிக் குடுக்கற?" என்றார் கோச், இடைவேளையில்.

"அடிச்சிட்டுத்தானே சார் இருக்கேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அடிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ரவுண்டில் நாலு தரம் அப்படியே நடந்தது. நாலாவது தரம் அவன் தன் கையையே கவனித்தான். நேராகப் போனது, வேகமாகப் போனது, கடைசி ஓரங்குலத்தில் தோள் தானாகத் தளர்ந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. மீட்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையைப் பார்த்துப் பயம் வந்தது.

"சார், கை நின்னுடுது."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கோச்சின் கையும் ஒரு நொடி நின்றது. சட்டம் போட்டவர் அல்லவா?

"அது கூடத்துக்குச் சொன்னதுடா. இது போட்டி."

"எனக்குத் தெரியுது சார். கைக்குத் தெரியல."

"ரெண்டு ரவுண்டும் அவனுக்குப் போயிடுச்சு. இனிமே ஆளைச் சாய்ச்சாத்தான் உண்டு."

கடைசி ரவுண்டான மூன்றாவதில் பாதிக்கு மேல் வீணாகப் போனது. அப்புறம் மீட்டருக்கு ஒரு யோசனை வந்தது. மூட்டையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் தலைக்குப் பின்னால் தெரிந்த கயிற்றைப் பார்த்தான். கயிற்றை அடிப்பதாக நினைத்துக்கொண்டு வலது கையை விட்டான்.

அந்த அடி நிற்கவில்லை. மூட்டை உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். வலியைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் அதிகமாக இருந்தது. அரங்கமே எழுந்து நின்றது. நடுவர் எண்ணினார். எட்டில் மூட்டை கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நடுவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார். இன்னும் இருபது நொடி பாக்கி. ஒரே ஒரு அடி போதும், ஜன்னலும் வீடும் வேலையும் வந்துவிடும்.

மீட்டர் பாய்ந்து கிட்டே போனான். போய்க் கையை நீட்டினான். மூட்டையின் கையுறையில் இரண்டு தரம் தட்டினான்.

"சரியா?"

"சரி" என்றான் மூட்டை.

மீட்டர் இரண்டடி பின்னால் போனான்.

கோச் போட்ட கூச்சலில்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் மூட்டை நிதானித்துக்கொண்டு வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டான். நடுவர் பிரித்துவிட்டார், அவன் மறுபடியும் கட்டிக்கொண்டான். மணி அடித்தது. நடுவர் உயர்த்தியது மூட்டையின் கையை.

உடை மாற்றும் அறையில் மீட்டர் கையுறைக்குள் சுற்றும் கைக்கட்டைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மனைவி உள்ளே வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கைக்கட்டை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தாடையில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு மூட்டை வந்து நின்றான்.

"மச்சான், ஆறு வருஷமா அந்தக் கையைப் பக்கத்துல பாத்திருக்கேன். அது எப்படின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மீட்டர் இடது கையை மனைவி பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"நீ சரியான்னு கேட்டியா, நானும் பழக்கத்துல சரின்னுட்டேன். ஒண்ணும் சரியில்லடா. எனக்கு நீ மூணு பேராத் தெரிஞ்ச. இன்னொண்ணு விட்டிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

இதை ஏன் வந்து சொல்லித் தொலைக்கிறான் என்று மீட்டருக்கு ஆத்திரமாக வந்தது. அவனைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மூட்டை, போகிற போக்கில், முஷ்டியை மடக்கி அவன் முன்னால் நீட்டினான்.

மீட்டரின் வலது கை எழுந்து அதை இரண்டு தரம் தட்டியது.