டாட் தலையில் ஒரு பழி

க்ளெண்டா முயல் கூண்டை மேசைமேல் வைத்த வேகத்தில் ட்ரெவரின் தேநீர் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. பிரிந்த பிறகு அவன் குடியிருக்கும் இந்தக் கேரவன் வண்டி வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. கடற்காற்றில் தகரம் படபடத்துக்கொண்டிருந்தது.

"இதுல கையெழுத்துப் போடு. போயிடுறேன்."

"வந்ததும் வராததுமா என்னடி அதிகாரம்?"

கூண்டுக்குள் முயல் மேஜர் தாடை வீங்கிக் கிடந்தான். கடைவாய்ப் பல் வேரில் சீழ். அறுத்து எடுக்கலாம், இல்லையென்றால் ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடலாம் என்று டாக்டரம்மா இரண்டையும் ஒரே குரலில் சொல்லியிருந்தாள். அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்க க்ளெண்டாவிடம் பணம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியோ கையை விரித்துவிட்டது. பாலிசி தொடங்கியது போன வருஷம் மார்ச் பன்னிரண்டு. மார்ச் மூன்றாம் தேதி தடுப்பூசிக்குப் போனபோது மேஜரின் குறிப்பில் ஒரு வரி ஏறியிருக்கிறது: 'காய்ந்த புல்லை இரண்டு வாரமாக மிச்சம் வைப்பதாக உரிமையாளர் சொல்கிறார்.' அது பல்வலிக்கு அறிகுறியாம், பாலிசிக்கு முன்பே இருந்த நோயாம். அப்படிச் சொன்ன உரிமையாளர் ட்ரெவர்.

அன்றைக்கு ஒரே கூண்டில் இரண்டு முயல்கள், மேஜரும் அவன் ஜோடி டாட்டும், போயிருந்தன. ஜோடியைப் பிரித்துக் கொண்டுபோனால், திரும்பி வந்ததும் வாசனை மாறி ஒன்றையொன்று குதறிவிடும். அதனால் ஊசி ஒன்றுக்கென்றாலும் இரண்டையும்தான் தூக்கிப் போவார்கள். க்ளெண்டா அதைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் வைத்தது மேஜர் அல்ல, டாட். டாக்டர்தான் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது அவள் வாதம். டாட் ஜனவரியில் செத்துப்போய்விட்டாள். அப்படி அவள் எழுதி வந்த கடிதத்தில் சொன்னவனே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீட்டோடு அனுப்பலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ட்ரெவர் கடிதத்தை விரல் வைத்துப் படித்தான்.

"டாட் ஒரு புல்லக்கூட மிச்சம் வச்சதில்ல. உன் செருப்பையே தின்னவ அவ."

"செத்த முயலு. சாட்சி சொல்லவா வரப்போகுது?"

"நான் டாக்டர்கிட்ட சொன்னது நெசம். வீட்டுக்கு வந்து உன்கிட்டயும் சொன்னேன். 'உன் கண்ணுக்கு மட்டும் எல்லாம் சீக்காத் தெரியும்'னுட்டு டிவி சத்தத்தக் கூட்டின."

அவளுக்கு நினைவிருந்தது. அதுதான் எரிந்தது.

"அடுத்த வாரமே பாலிசி எடுத்த. எதுக்கு எடுத்த? சொல்லு."

அவள் கூண்டின் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.

"உனக்கு எப்பவும் நீ சொன்னதுதான் சரின்னு ஆகணும்" என்றாள் கடைசியில். "அதுக்கு மேஜர் செத்தாலும் உனக்குப் பரவாயில்ல."

"நீ மட்டும் ரொம்ப யோக்கியம்."

அவன் எழுந்து போய், படியோரத்தில் முளைத்திருந்த டேன்டலியன் என்ற களைச்செடியின் இலை ஒன்றைப் பிடுங்கி வந்தான். கூண்டுக் கதவைத் திறந்து நீட்டினான். மேஜர் பாய்ந்து கவ்வினான். ஒரு பக்கமாகவே மென்றான். மோவாய் மயிரெல்லாம் எச்சில். மென்றான், மென்றான், விழுங்க முடியவில்லை. தலையை வெளியே நீட்டி உதறினான். இலை பாதி அரைபட்டு, மேசையிலிருந்த கடிதத்தின்மேல் விழுந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ரெவர் பேனாவின் மூடியைக் கழற்றினான். இலையை ஊதித் தள்ளப் பார்த்தான். அது அவன் பெயருக்கு நேர் மேலே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் பச்சை ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.