உத்திரத்தில் ஒட்டிய காகிதம்

காகிதம் கிழிந்திருந்தது. பாலகுரு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். கிழிந்துதான் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அது முழுசாக இருந்ததைப் பார்த்திருந்தான். போன வாரம் இதே நடுக்கூடத்தில் ஏணி போட்டு ஏறி, உத்திரத்தில் ஓடிய விரிசலின் குறுக்கே தன் கையாலேயே பசை தடவி ஒட்டிய காகிதம். அதன்மேல் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தான். ஒரு வாரம் கிழியாமல் இருந்தால் கட்டடம் தாங்கும், கிழிந்தால் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். ஏழு நாள் கிழியாத காகிதம் ஒரு மணி நேரத்தில் கிழியுமா?

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இனி செல்லுவது அவர்கள் சட்டமா, புதுச் சட்டமா என்று, மேரி என்று சொல்லும் நகராட்சி ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு படிவத்தையும் சுகாதார ஆய்வாளர் பாலகுருவின் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். ஒன்று காற்று வருகிறதா என்று கேட்டது, இன்னொன்று ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டது. விரிசலைப் பற்றி இரண்டும் மூச்சு விடவில்லை.

ஒரு காலத்தில் கப்பல் வியாபாரி கட்டிய வீடு. இப்போது பதினான்கு குடித்தனம், அறுபத்து நான்கு உயிர். மெத்தை என்று அவர்கள் சொல்லும் மாடியில் இருப்பது மட்டும் மூன்றே பேர். கமருன்னிசா என்ற விதவை, பிரசவத்துக்கு வந்திருக்கும் அவள் மகள் நபீசா, நபீசாவின் மூத்த குழந்தை. காகிதம் கிழிந்துவிட்டது என்று எழுதினால் அந்த நிறைமாதக்காரி ஐப்பசி மழையில் தெருவுக்கு வருவாள். எழுதாமல் விட்டு உத்திரம் சரிந்தால் அதோடு சேர்ந்து கீழே வருவாள்.

"பாய், யாராவது குச்சி வச்சுக் கிழிச்சாங்களா?"

கூட வந்த மன்சூர் அலி, கீழே கடைசி அறையில் தனியாகக் குடியிருக்கும் கடை குமாஸ்தா, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அவ்வளவு ஒசரத்துக்கு யாரு ஏறுவா சார்? நானும் உங்க கூடதானே சுத்திக்கிட்டு இருக்கேன்."

அதுவும் சரிதான். காலையிலிருந்து இருவரும் அறை அறையாகப் போய்த் தலை எண்ணினார்கள். ஒவ்வொரு குடித்தனத்து வாசலிலும் மன்சூர் அலி, "கோஷா! ஆம்புளை வர்றாங்க, கோஷா!" என்று பெண்கள் மறைவுக்குப் போகக் குரல் கொடுப்பார். பாலகுரு மரியாதையாகத் தலை குனிந்து நிற்பான். பிறகு உள்ளே போனால் வேலைக்குப் போகாத ஒரு கிழவர் இருப்பார், அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், பெண்களையோ குழந்தைகளையோ காணோம். பின்கட்டில் இருப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பின்கட்டுக்குப் போனால் அங்கும் ஈ காக்கை இல்லை. அறுபத்து நான்கு பேர் இருக்கும் வீட்டில் அவன் எண்ணிய தலை பதினொன்று. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவன் கையிலிருந்த படிவத்தில் பொலபொலவென்று சுண்ணாம்பு உதிர்ந்தது. கூடவே மேலே ஒரு குழந்தை அழுதது. அதை அடக்குவதற்குள் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது.

"மெத்தையில ஒரு குழந்தைதானே பாய்?"

"ஒண்ணுதான்." சொல்லிவிட்டு மன்சூர் அலியும் மேலே பார்த்தார்.

"நீங்க கோஷா சொன்னா பொம்பளைங்க எங்க போவாங்க?"

"முன்னெல்லாம் பின்கட்டுச் சுவத்துல இருந்த கதவு வழியா பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்க. வீட்டுக்காரங்க அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப அதை அடைச்சுப் பூசிட்டாங்களே. இப்போ..." மன்சூர் அலி வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா! மெத்தைக்குத்தான் சார்."

பாலகுருவுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் அவன் நடுக்கூடத்தோடு நின்றுகொண்டான், பெண்கள் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், காகிதம் பிழைத்தது. இன்று அறை அறையாக நுழைந்து ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் அந்த உத்திரத்தின் மேல் ஏற்றியவன் அவனேதான். இறங்குங்கள் என்று கத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கு ஓடுவார்கள். போய்ச் சொல்லலாம் என்றால், அவன் படியேறினால் அவர்கள் இன்னும் மூலைக்கு ஒதுங்குவார்கள்.

"நான் வெளிய போயிடுறேன் பாய்," என்றான் மெதுவாக. "நான் போயாச்சுன்னு சொல்லுங்க. உத்திரத்தைப் பத்தி வாயத் தொறக்காதீங்க. ஒவ்வொருத்தரா எறங்கட்டும், நபீசாதான் மொதல்ல."

தெருவில் மழை பிடித்துக்கொண்டது. அவன் குடையை உள்ளேயே விட்டு வந்திருந்தான். மன்சூர் அலி படியடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, காலடிச் சத்தத்தை வைத்தே எண்ணினார். ஒன்று, இரண்டு என்று அந்தக் குரல் வாசலுக்கு வந்தது. பாலகுரு அதற்குள் தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டான். முப்பத்தொன்பதோடு குரல் நின்றது.

மன்சூர் அலி சிரித்த முகமாக வெளியே வந்தார். "எல்லாரும் எறங்கியாச்சு. உள்ள வாங்க சார், நனையிறீங்களே. உத்திரத்தைப் பாத்து எழுதிடுங்க."

பாலகுரு வாசற்படியில் ஒரு கால் வைத்தான். உள்ளே எந்தப் பெண்ணோ, "கோஷா!" என்றாள். படிகளில் திடுதிடுவென்று கால்கள் ஏறும் சத்தம் கேட்டது.

"நான் வரலே!" பாலகுரு தெருவுக்குத் துள்ளிக் குதித்துத் தொண்டை கிழியக் கத்தினான். "நான் வரலே தாயே, வரவே மாட்டேன்! கீழயே இருங்க!"

சத்தம் நின்றது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாய், நபீசாவுக்கு வலி கண்டா மெத்தைக்கு எத்தனை பொம்பளைங்க போவாங்க?"

மன்சூர் அலிக்குச் சிரிப்பு போய்விட்டது. "எல்லாருந்தான் சார்." இடுப்பிலிருந்து தன் அறைச் சாவியை எடுத்தார். பிறகு, "என் அறைய அவங்களுக்கு விட்டுர்றேன். நான் கடையில படுத்துக்கிறேன்," என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து கமருன்னிசாவின் குரல் மட்டும் வந்தது. "அந்தத் தம்பிக்கு யாராச்சும் ஒரு குடை குடுங்களேன்."

ஒரு கை குடையை நீட்டியது. அவனுடைய குடைதான். அதன் கீழே நின்றபடி, மாடியை இன்றே பூட்ட வேண்டும், உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு படிவத்திலும் எழுதினான். அடுத்த ஆய்வு எப்போது, யார் என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது. மேரி ஆபீசில் பெண் ஆய்வாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அது தெரிந்தும் பாலகுரு அந்தக் கட்டத்தில், "பெண் ஒருவர் மட்டுமே வர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.